படத்துல இருக்கற தூக்குப்போசி எங்க கிடைக்கும்? அடிக்கடி கேக்கற கேள்விகளும் என்னோட பதில்களும்

நான் சேலம் செவ்வாய்பேட்டைல வளர்ந்தவன், அப்பா லேத் பட்டறை வச்சிருந்தாரு. பகல்ல ஒரு கம்பெனில மெஷின் டிராயிங் போடற வேலை, ராத்திரி ஆனா வீட்டு சாமான், சின்னச் சின்ன கருவிங்க இதெல்லாம் வேற மாதிரி இருந்தா எப்படி இருக்கும்னு வரைஞ்சு பாப்பேன், முடிஞ்சா அட்டைலயோ தகரத்துலயோ செஞ்சும் பாப்பேன். கான்செப்ட் டிசைன்னு சொல்றாங்களே அதுதான். நெட்ல நான் போடற அந்தப் படங்களைப் பாக்கறவங்க எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன்.

பஸ் சீட்டு கம்பில மாட்டற தூக்குப்போசி (தூக்குவாளி) படம் பாத்தேன், எந்தக் கடைல கிடைக்கும்?

எந்தக் கடைலயும் கிடைக்காதுங்க, உலகத்துலயே மூணுதான் இருக்கு, மூணும் எங்க வீட்டு பரண்ல இருக்கு. ஆனா அது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். ஏற்காடு மலை ஏற 20 கொண்டை ஊசி வளைவு, அந்த பஸ்ல எஸ்டேட் வேலைக்குப் போறவங்க ரசமோ மோரோ ஊத்தின போசியை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, ஒவ்வொரு வளைவுலயும் மூடி மேல ஒரு கை. டீக்கடை பையன் கம்பி வளையத்துல ஆறு கிளாஸ் டீயைத் தொங்க விட்டுக்கிட்டு ரோட்டை கிராஸ் பண்றானே, ஒரு சொட்டு சிந்துதா பாருங்க. தொங்கற பாத்திரம் வளைவுல தானா சாயும், அது சாயற அளவுக்கே உள்ள இருக்கற தண்ணியும் சாயறதால விளிம்பைத் தாண்டாது. இந்த ரெண்டையும் சேத்து வச்சேன், அவ்வளவுதான், போசியோட கைப்பிடிய முன் சீட்டு கம்பில மாட்டற கொக்கியா மாத்தினேன். முதல் மாடலை எடுத்துக்கிட்டு பஸ் ஏறினப்ப மூணாவது வளைவுலயே ஊஞ்சல் மாதிரி ஆடி பக்கத்துல இருந்த அக்கா முட்டில இடிச்சுடுச்சு, ரசம் சிந்தல, ஆனா அவங்களுக்கு வலி. அதுக்கப்புறம் கொக்கி சுத்தற இடத்துல ரப்பர் வாஷர் போட்டு இறுக்கினேன், இப்ப மெதுவா சாஞ்சு மெதுவா திரும்புது.

விக்கப் போறதில்லைன்னா எதுக்கு வரையறீங்க?

இதைக் கேக்கறவங்க பாதிப்பேர் என் சொந்தக்காரங்க. ஒரு பொருள் கடைக்கு வந்தப்புறம் அதை மாத்தறது ரொம்பக் கஷ்டம், அச்சு செஞ்சாச்சு, லட்சக்கணக்குல பணம் போட்டாச்சு, அப்ப யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. படமா இருக்கறப்ப எல்லாரும் கேப்பாங்க, கைப்பிடி ஏன் இந்தப் பக்கம், கழுவறது எப்படி, குழந்தை விரலை விட்டா என்னாகும்னு. அந்தக் கேள்விக்காகத்தான் படம்.

பெரிய உதாரணம் வேணும்னா 1972ல ஆலன் கேங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைனாபுக்னு ஒண்ணைப் பத்தி எழுதினாரு, குழந்தைங்க கைல தூக்கிட்டுப் போற அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர், அன்னைக்கு இருந்த டெக்னாலஜிக்கு அதைச் செய்யவே முடியாது. ஆனா அட்டைல மாடல் இருந்துச்சு, அதுக்கப்புறம் லேப்டாப் டேப்லெட் பத்தி யோசிச்ச எத்தனையோ பேருக்கு அது ஒரு முன்மாதிரியாவே இருந்துச்சு. 2013ல டேவ் ஹாக்கன்ஸ்னு ஒரு டச்சுப் பையன் ஃபோன்பிளாக்ஸ்னு ஒரு ஃபோன் டிசைனைக் காமிச்சாரு, கேமரா போச்சுன்னா கேமராவை மட்டும் கழட்டி மாத்தலாம், பேட்டரி போச்சுன்னா பேட்டரி மட்டும். கூகுளும் அதே மாதிரி 'அரா'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சு 2016ல கைவிட்டுட்டாங்க. அப்படியே தோத்துடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா ஃபேர்ஃபோன்னு ஒரு கம்பெனி 2015ல விட்ட ரெண்டாவது மாடல்ல ஸ்க்ரீனை நாமளே வீட்ல கழட்டி மாத்தலாம், அது நிஜமா வித்துச்சு.

ஐடியா எங்கிருந்து வருது?

கையைப் பாக்கறதுல இருந்து. மூஞ்சியைப் பாத்தா ஜனங்க "நல்லாத்தான் இருக்கு"ன்னுதான் சொல்வாங்க, கை பொய் சொல்லாது.

எங்க அத்தை கதையச் சொல்லணும். சேலத்துக்கே கொலுசுதான் பேரு, எங்க தெருவுலயே அஞ்சாறு கொலுசுப் பட்டறை, அத்தையும் சின்ன வயசுல இருந்து கொலுசு இல்லாம இருந்ததில்ல. இப்ப அறுபத்தெட்டு வயசு, விரல் மூட்டெல்லாம் வீங்கி வளைஞ்சு போச்சு, திருகாணியைப் புடிச்சு திருக முடியல. எண்ணெய் தேச்சுக் குளிக்கறதுக்கு கழட்டணும்னா பக்கத்து வீட்டுப் பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. ஒரு நாள் "போதும்டா, இனி போடல"ன்னு டப்பால போட்டு வச்சுட்டாங்க. எனக்கு அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு.

முதல்ல காந்தம் வச்சு ஒண்ணு வரைஞ்சேன், ரெண்டு முனையும் கிட்ட வந்தா டக்குனு ஒட்டிக்கும், படத்துல பாக்க அவ்வளவு அழகு. பட்டறை மாஸ்டர்கிட்ட காமிச்சேன், அவர் ரெண்டே விஷயம் சொன்னாரு. ஒண்ணு, பத்து வச்சு, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டி, இதைச் சேக்கற சூட்டுல காந்தம் என்னாகும்? உண்மைதான், அந்தச் சின்ன வெள்ளைக் காந்தமெல்லாம் 80 டிகிரி தாண்டினாலே பலம் இழக்க ஆரம்பிக்கும், வெள்ளிப் பத்து உருகறது கிட்டத்தட்ட 700 டிகிரில. ரெண்டாவது, நாளைக்கு இந்தக் கொலுசைப் பழசா போட்டு மாத்தறப்ப கடைக்காரர் காந்தத்தை வெட்டி எறிஞ்சுட்டு எடை போடுவாரு, வெள்ளின்னு நம்பி வாங்கினவங்களுக்கு நஷ்டம். ரெண்டாவது விஷயம் எனக்குத் தோணவே இல்ல. கொலுசுங்கறது நகை மட்டும் இல்ல, அவசரத்துக்குப் பணமும்தானே, அதுக்குள்ள வெள்ளியத் தவிர வேற எதையும் வைக்கக் கூடாது. ஸ்பிரிங் வச்ச கொக்கியும் அதே காரணத்துக்காகப் போச்சு, கம்பியைச் சூடு பண்ணினா அதோட விறைப்பும் போயிடும்.

இப்ப இருக்கறது அஞ்சாவது மாடல், முழுக்க வெள்ளி, ஒரு முனைல சாவித் துவாரம் மாதிரி ஓட்டை, இன்னொரு முனைல குமிழ், குமிழை அகலமான பக்கம் விட்டு ஒரு இழுப்பு இழுத்தா குறுகின பக்கம் போய் உக்காந்துக்கும். கழட்டணும்னா எதிர்ப்பக்கம் தள்ளணும். அத்தை கட்டை விரலால மட்டுமே போட்டுட்டாங்க. தூங்கறப்ப கழண்டுடுதான்னு பாக்கறதுக்கு நாலு மாசமா போட்டுக்கிட்டு இருக்காங்க, ரெண்டு தடவை கழண்டுச்சு, அதனால இன்னும் முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன்.

நெட்ல வர்ற கான்செப்ட் படம் நிஜமா வேலை செய்யுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஒரு பேப்பர், பேனா, ஒம்பதாவது வகுப்பு பிசிக்ஸ் போதும். அழகான படத்துல மயங்கறதுக்கு முன்னாடி சக்தி எங்கிருந்து வருது, எவ்வளவு வருதுன்னு ஒரு கணக்கு போட்டுடணும்.

எடை இறங்கற வேகத்துல லைட் எரியும்னு ஒரு விளக்கு இருக்கே, அதை எடுத்துக்கங்க. 10 கிலோவை 2 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினா நாம அதுல சேத்து வைக்கறது சுமார் 200 ஜூல். 1 வாட் லைட் ஒரு செகண்டுக்கு 1 ஜூல் சாப்பிடும், ஆக 200 செகண்ட், மூணரை நிமிஷம்கூட இல்ல, அதுலயும் கியர்ல போற நஷ்டத்தைக் கழிக்கணும். 2008ல கிராவியான்னு ஒரு விளக்கு டிசைன் அமெரிக்காவுல போட்டில ரெண்டாவது பரிசே வாங்கிடுச்சு, ஒரு ரூமுக்கே வெளிச்சம் கொடுத்துக்கிட்டு மணிக்கணக்கா எரியும்னு சொல்லியிருந்தாங்க, அப்புறம் கணக்கு போட்டுப் பாத்தவங்க இன்னைக்கு இருக்கற எல்இடில இது நடக்காதுன்னு காமிச்சுட்டாங்க. அதே தத்துவத்துல கிராவிட்டிலைட்னு இன்னொரு குழு நிஜமாவே செஞ்சாங்க, எப்படின்னா அவங்க ஆசையைச் சின்னதாக்கிக்கிட்டாங்க, 12 கிலோ பை, ஒரு வாட்ல பத்துல ஒரு பங்கு, மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதிலா இருந்தா போதும்னு. கணக்குக்குள்ள நின்னதால அது எரிஞ்சுச்சு.

ஃபோன் சார்ஜ் பண்ற செருப்பு, சைக்கிள், கதவுன்னு மாசத்துக்கு ஒரு பையனாவது என்கிட்ட கொண்டு வர்றாங்க, அவங்களுக்காக: 5000 எம்ஏஎச் பேட்டரில சுமார் 69,000 ஜூல் இருக்கும். மேல சொன்ன 10 கிலோவை 2 மீட்டருக்கு தூக்கற வேலைய 350 தடவை பண்ணணும், ஒரு துளி நஷ்டம் இல்லாம. ஃபோன் முதுகுல சோலார்? முதுகோட பரப்பு 120 சதுர சென்டிமீட்டர்னு வைங்க, உச்சி வெயில்ல நேரா காமிச்சாலும் ரெண்டரை வாட் தாண்டாது, ஃபுல் ஆக எட்டு மணி நேரம், அதுக்குள்ள நம்ம சேலத்து சித்திரை வெயில்ல ஃபோன் கொதிச்சுடும். முடியாதுன்னு சொல்றதுக்காக இதைச் சொல்லல, எது முடியும்னு கண்டுபிடிக்கத்தான்.

ஏஐல படம் போட்டா டிசைன் ஆகிடுமா?

ஆகாதுங்க. கீல் எங்க இருக்கு, ஸ்க்ரூ எங்க போகும், அச்சுல இருந்து எப்படி வெளிய வரும்னு அந்தப் படத்துக்குத் தெரியாது. மூட் பாக்கறதுக்கு வச்சுக்கங்க, அளவு போட ஆரம்பிச்சீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல உண்மை தெரிஞ்சுடும்.

யாருக்கும் உதவாத கிறுக்குப் பொருளை வேணும்னே டிசைன் பண்றாங்களே, அது எதுக்கு?

ஜப்பான்ல கென்ஜி கவகாமி சிண்டோகுன்னு பேரு வச்சாரு, அதுக்கு விதியே இருக்கு, நிஜமா செஞ்சு காமிக்கணும், ஆனா விக்கவும் கூடாது பேட்டன்ட் எடுக்கவும் கூடாது. கிரேக்க நாட்டு கட்டரினா கம்ப்ரானி வேணும்னே கஷ்டமான பொருளா வரையறாங்க, பூவாளியோட மூக்கு திரும்பி அந்த வாளிக்குள்ளயே ஊத்தற மாதிரி. எனக்கு ரொம்பப் புடிக்கும். ஒரு பூவாளில மூக்கு எவ்வளவு சரியான இடத்துல இருக்குங்கறதே அதைப் பாத்தப்புறம்தான் நமக்கு உறைக்குது.

என்ன சாஃப்ட்வேர் கத்துக்கணும்? த்ரீ டி பிரிண்டர் வாங்கணுமா?

முதல் ஆறு மாசம் எதுவும் வேணாம். டிவி வந்த அட்டைப் பெட்டி, தெர்மாகோல், கட்டர், ஃபெவிகால். கை அளவுக்கு செஞ்சு வீட்ல இருக்கறவங்க கைல ஒண்ணும் சொல்லாம கொடுங்க, "இதை எப்படிப் பிடிக்கணும்"னு சொல்லிக்கொடுக்காதீங்க, சும்மா கொடுத்துட்டு வேடிக்கை பாருங்க. எங்க அம்மா ஒரு கரண்டியைத் தலைகீழாப் புடிச்சாங்க, அவங்க புடிச்சதுதான் சரின்னு அப்புறம் தெரிஞ்சுச்சு.

பிரிண்டர் நல்லதுதான், ஆனா அதுல பொதுவா போடற பிஎல்ஏங்கற பிளாஸ்டிக் கம்பி 60 டிகிரி வந்தாலே இளக ஆரம்பிச்சுடும். ஏப்ரல் மாசம் ஒரு மாடலை மூடின கார்ல டேஷ்போர்டு மேல வச்சுட்டு நாலு ரோட்டுல சாப்பிடப் போனேன், திரும்பி வந்தா வெயில்ல வாடின வாழை இலை மாதிரி தொங்கிக்கிட்டு இருந்துச்சு, மூணு வாரத்து வேலை. வெயில்ல இருக்கற பொருளுக்கு பிஇடிஜிங்கற பிளாஸ்டிக்கைப் போடுங்க, அது சுமார் 80 டிகிரி வரை தாங்கும்.

சேலத்துல இருந்துக்கிட்டு இதெல்லாம் செய்ய முடியுமா, பெங்களூர் போகணுமா?

சேலத்தை விட்டு ஏங்க போறீங்க! ஸ்டீல் பிளான்ட்டே நம்ம ஊர்ல இருக்கு, லேத், ஷீட் வளைக்கறவங்க, பாலிஷ் போடறவங்க, வெள்ளிப் பட்டறை, தறிப் பட்டறை எல்லாம் ஒரே டவுன் பஸ் தூரம். ஆனா மாஸ்டர்கிட்ட போறப்ப கம்ப்யூட்டர் படத்தை நீட்டாதீங்க, அட்டை மாடலைக் கொண்டு போய் "அண்ணா, இதைத் தகரத்துல அடிக்கணும்னா எங்க மடிக்கலாம்"னு கேளுங்க. அப்படிக் கேட்டா அவங்க சொல்ற பதில்ல பாதி டிசைன் முடிஞ்சுடும். அவங்க வேலை நேரத்துக்குக் காசு கொடுத்துடுங்க, சாம்பிள்தானேன்னு ஓசில கேக்கறது தப்பு. எவர்சில்வர் வாங்கறப்ப கிரேடு 304ஆ 202ஆன்னு கேட்டு வாங்குங்க, புளி, மோர், ரசம் படற பாத்திரத்துக்கு 304தான், அதுல குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் கிட்ட இருக்கும், விலை கூட.

டிசைன் படிச்சிருக்கணுமா?

படிச்சா நல்லதுதான். அகமதாபாத்ல என்ஐடி (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்) 1961ல வந்துச்சு, அதுக்கு வழி போட்டது 1958ல அமெரிக்க டிசைனர் தம்பதி சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் எழுதின இந்தியா ரிப்போர்ட். அதுல அவங்க நம்ம நாட்டுல பாத்த பொருள்லயே ரொம்ப அழகுன்னு சொன்னது என்ன தெரியுமா, சொம்பு. வரைஞ்சது யாருன்னே தெரியாது, எத்தனையோ தலைமுறை கை பட்டு வந்த வடிவம். நம்ம பிளாஸ்டிக் குடத்தைப் பாருங்க, பொருள் மாறிப் போச்சு, ஆனா இடுப்புல உக்கார்ற அந்த வளைவும், தண்ணி அலம்பாத குறுகின கழுத்தும் பித்தளைக் குடத்துல இருந்த அதேதான்.

பக்கத்துல கோயம்புத்தூர்ல ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தையே முடிக்கல, ரேசர்ல இருந்து மோட்டார் வரைக்கும் செஞ்சாரு. 1950கள்ல சபாபதி மோட்டார் வச்ச கிரைண்டரைக் கொண்டு வந்தப்பதான் வீட்டுப் பொம்பளைங்க ஆட்டுக்கல்லை விட்டு எந்திரிச்சாங்க.

சமையல் சாமான் டிசைன் பண்றப்ப எதைக் கவனிக்கணும்?

யார் கழுவறாங்கன்னு. சமைக்கறவங்களைப் பத்தி எல்லாரும் யோசிக்கறாங்க, கழுவறவங்களைப் பத்தி யாரும் யோசிக்கறதில்ல, மூடில இருக்கற சந்து, கைப்பிடி ஒட்டற இடம், ரப்பர் வளையம், இங்கெல்லாம்தான் அழுக்கு சேருது.

இன்னொண்ணு, கை பலம் இல்லாதவங்களுக்காக செஞ்சா எல்லாருக்குமே நல்லா அமையும். 1990ல சாம் ஃபார்பர்னு ஒருத்தர் தன் மனைவிக்கு மூட்டு வலி, தோல் சீவற கத்தியப் புடிக்க முடியலன்னு பாத்து, தடியா மெத்துன்னு ரப்பர் பிடி வச்சு ஆக்ஸோன்னு கொண்டு வந்தாரு, மூட்டு வலி இல்லாதவங்களும் அதையே வாங்கினாங்க. நம்ம நாட்டுல சுமீத் மிக்சி கதையும் வீட்டுக்குள்ள இருந்துதான் வந்துச்சு, வெளிநாட்டு மிக்சி நம்ம பருப்பு அரைக்கறதைத் தாங்காம மோட்டார் போயிடுச்சு, அதுக்காக 1963ல சத்ய பிரகாஷ் மாத்தூர் நம்ம அரைப்புக்குத் தாங்கற மோட்டாரோட செஞ்சாரு.

என் ஐடியாவை யாராவது எடுத்துட்டா?

எனக்கே நடந்திருக்கு. எங்க ஊர் தெருவோரத் தீனியான தட்டுவடை செட் போடறவங்களுக்காக, கேரட் பீட்ரூட் துருவல், சட்னி எல்லாம் ஒரே கைல எட்டற மாதிரி வளைஞ்ச ஒரு ட்ரே வரைஞ்சு ஒரு வியாபாரிகிட்ட காமிச்சேன், எழுத்துல எதுவும் இல்ல, அடுத்த வருஷம் அதே வளைவோட ட்ரே கடைல தொங்குது. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. தப்பு அவங்களோடதுதான், ஆனா சட்டம் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

வேலை செய்யற முறை புதுசுன்னா பேட்டன்ட், தாக்கல் பண்ண நாள்ல இருந்து 20 வருஷம், நமக்கு சென்னைல ஆபீஸ். வடிவம்தான் புதுசுன்னா 2000ம் வருஷ டிசைன் சட்டத்துல பதியலாம், 10 வருஷம், இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம், செலவும் கம்மி. முக்கியமா ஒண்ணு, தாக்கல் பண்றதுக்கு முன்னாடி நெட்ல போட்டுட்டீங்கன்னா அது புதுசு இல்லைன்னு ஆயிடும், நாமளே நம்ம கையால கெடுத்துக்கற மாதிரி. முழுசா முடியலைன்னா தற்காலிக விண்ணப்பம் கொடுத்துட்டு 12 மாசத்துக்குள்ள முழு விண்ணப்பம் கொடுக்கலாம். நான் போடற படமெல்லாம் பொதுவா இருக்கட்டும்னு முடிவு பண்ணிப் போடறது, எடுத்துச் செய்யுங்க, சந்தோஷம்.

ஏற்காட்டுக்காக வேற ஏதாவது வரைஞ்சிருக்கீங்களா?

குரங்கு திறக்க முடியாத குப்பைத் தொட்டி, இன்னும் ஜெயிக்கல, குரங்கு திறக்க முடியலன்னா பாட்டியும் திறக்க முடியல. காபிப் பழம் பறிக்கறவங்களுக்கான பை ஒண்ணு இருக்கு. இடுப்புல கட்டின பை நிறைய நிறைய முன்னாடி இழுக்கும், சரிவுல நிக்கறப்ப முதுகு வலி. எடையை ரெண்டு தோளுக்கும் பிரிச்சு, அடில கயித்தை உருவினா பழம் நேரா சாக்குல கொட்டற மாதிரி தைச்சேன். பறிக்கற அக்கா ஒருத்தங்க ஒரு நாள் பூரா போட்டுப் பாத்துட்டு, "தோள்ல பட்டை இருந்தா பனில ஸ்வெட்டரைக் கழட்டறது எப்படி கண்ணு"ன்னு கேட்டாங்க. காலைல பனி, பதினோரு மணிக்கு வெயில், அந்த மலைல ஸ்வெட்டரைக் கழட்டாம வேலை பண்ணவே முடியாது. திரும்ப முதல்ல இருந்து.

இப்ப எதுல வேலை பண்றீங்க?

கேஸ் சிலிண்டர் ஸ்டாண்ட். உள்ள 14.2 கிலோ கேஸ், காலி சிலிண்டர் எடை அதுமேலயே எழுதியிருக்கும், 15 கிலோவுக்கு மேல வரும். எப்ப தீரும்னு தெரியாம பாதி சமையல்ல நிக்கறது எல்லா வீட்லயும் நடக்குது, சுடுதண்ணி ஊத்தி எங்க சில்லுனு இருக்குன்னு தடவிப் பாக்கறாங்க. அடில ஸ்பிரிங் வச்ச வட்டத் தட்டு, எடை குறையக் குறைய தட்டு மேல வரும், பக்கத்துல ஒரு சிவப்புக் கோடு தெரியும், பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது. பிரச்சனை என்னன்னா காலி எடை ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கிலோ ரெண்டு கிலோ மாறுது, அதனால புது சிலிண்டர் வர்ற ஒவ்வொரு தடவையும் கோட்டை நகத்தி வைக்கணும். கண்ணாடி போடாம படிக்க முடியாத அம்மா அந்த நம்பரைப் பாத்து எப்படி நகத்துவாங்கன்னுதான் இந்த வாரம் பூரா யோசனை. உங்க வீட்ல சிலிண்டர் மாத்தறது யாரு, மாத்தறப்ப கை எங்கெங்க போகுதுன்னு பாத்து எழுதி அனுப்புங்க.